குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். இவ்வாண்டின் முக்கிய வேலை, பூங்காவிலும் கடற்கரை நடைபாதையிலும் ஆடிக்கொண்டிருந்த இருக்கைகளை எழுத்து அனுமதி பெற்று மாற்றிப் பொருத்தியது. அடுத்து வருபவர்களுக்குப் பயன்படும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

பூங்காவில் இன்டர்லாக் கல்லிலேயே துளையிட்டு, இருக்கையைப் பிடித்து நிறுத்தும் ஆங்கர் போல்ட் அடித்திருந்தது. கல்லின் கனம் 60 மி.மீ., அதற்குக் கீழே வெறும் மணல். சாய்மானத்தில் ஆள் சாயும்போதெல்லாம் முன்கால் போல்ட் மேலே இழுபடும். நாளடைவில் கல்லோடு சேர்ந்து எழும்பிவிடும். அதனால் கால் வரும் இடத்தில் கல்லை எடுத்துவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக 600 × 300 மி.மீ., 400 மி.மீ. ஆழக் குழி வெட்டி, 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் முக்கால் ஜல்லிக் கான்கிரீட் போட்டோம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 170 கிலோ. 12 மி.மீ. ‘ஜே’ போல்ட்டுகளை (அடிமுனை வளைந்தவை), பேஸ் பிளேட்டின் (இருக்கைக் காலின் அடித்தகடு) துளை அளவுக்கே வெட்டிய பிளைவுட் அச்சில் மாட்டிப் புதைக்க வேண்டும். கண்ணளவில் நட்டால் பிளேட் உட்காராது. பிறகு துளையைக் கேஸ் வைத்து அகட்ட நேரும், அதோடு கால்வனைஸ் பூச்சும் போய்விடும். கான்கிரீட் ஒட்டாமலிருக்க போல்ட்டின் மரையில் டேப் சுற்ற மறக்கக் கூடாது. 7 நாள் தண்ணீர் கட்டிய பிறகே இருக்கையை ஏற்றினோம்.

நடைபாதையில் கான்கிரீட் தளம் ஏற்கெனவே இருந்ததால் கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை இறக்கி மரைக் கம்பியை ஒட்டும் முறை) போதுமானது. விரியும் வகை போல்ட் தளத்தின் ஓரத்தில் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். 12 மி.மீ. கம்பிக்கு 14 மி.மீ. துளை, 110 மி.மீ. ஆழம். ஊதி, பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊதாமல் பசையை இறக்கவே கூடாது. பசை தூசியில் ஒட்டிக்கொண்டால் கம்பி கையோடு வந்துவிடும். குழலில் முதலில் வருவது சரியாகக் கலந்திருக்காது, நிறம் ஒன்றாகும்வரை வெளியே பிதுக்கிவிட வேண்டும்.

உப்புக்காற்றில் 304 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டும் பழுப்பேறிக் குழி விழும், 316 தாங்கும். எஸ்.எஸ். காலில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) போல்ட் போடவே வேண்டாம், போல்ட்தான் முதலில் அரிக்கும். எஸ்.எஸ். நட்டை வேகமாக முறுக்கினால் மரை கவ்விக்கொள்ளும். கிரீஸ் தடவி மெதுவாக இறுக்குங்கள்.

திருட்டுக்குப் பயந்து நட்டை வெல்டிங் செய்யும் பழக்கத்தை நிறுத்திவிட்டோம். அந்த இடத்தில்தான் துரு தொடங்குகிறது, காலை மாற்றவும் வழியில்லை. அதற்குப் பதில், இறுக்கியதும் தலை முறிந்துவிடும் நட்டைப் போடுகிறோம். அதில் கூம்பு மட்டுமே மிஞ்சும், ஸ்பேனருக்குப் பிடி கிடைக்காது.

நடக்க 1.8 மீட்டரும், இருக்கையின் பக்கத்தில் சக்கர நாற்காலிக்கு 900 மி.மீ.யும் விட்டிருக்கிறோம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் முன்கால் போல்ட்டுகளை ஒருமுறை பார்க்க வேண்டும். நடைபாதையில் எஞ்சியிருக்கும் 6 இருக்கைகளுக்கு 316 ரகக் கம்பி வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்