சீட்டில் இருந்த பெயர் ஒன்று, வீட்டுக்கு வந்த பெயர் வேறு

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
இணையவழி மருந்து விற்பனை நிறுவனம்.

பொருள்: டாக்டர் எழுதிய மாத்திரைக்குப் பதிலாக, சொல்லாமல் வேறு பிராண்டை அனுப்பியதால் என் தந்தை விழுந்து காயப்பட்டது தொடர்பாக.

ஐயா / அம்மா,

நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் மன்னார்குடியில் இருக்கிறார்கள். இரண்டு வருடமாக அப்பாவின் மாத்திரைகளை உங்கள் செயலியில் நான்தான் ஆர்டர் போடுகிறேன். பணம் இங்கிருந்து போகும், பெட்டி அங்கே போய் இறங்கும். இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை.

அப்பாவுக்கு 72 வயது. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வீக்கம். சிறுநீர் கழிக்க ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்திருப்பார். போனாலும் சட்டென்று வராது, வந்தாலும் முழுசாகப் போன மாதிரி இருக்காது. யூராலஜி டாக்டர் எழுதிக்கொடுத்தது டாம்சுலோசின் 0.4 மி.கி., டுடாஸ்டெரைடு 0.5 மி.கி. இரண்டும் சேர்ந்த ஒரே காப்ஸ்யூல். முதல் மருந்து சிறுநீர்ப்பையின் வாய்ப் பகுதியிலும் புராஸ்டேட்டிலும் உள்ள தசையைத் தளர்த்துகிறது, சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். இரண்டாவது வீக்கத்தையே மெல்லக் குறைக்கிறது. அதற்கு ஆறு மாதம் வரை பொறுக்க வேண்டும். தசையைத் தளர்த்தும் மருந்து ரத்தக் குழாயையும் கொஞ்சம் தளர்த்திவிடும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம் என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். அதனால் இரவுச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் கழித்து, தினமும் அதே வேளையில்தான் போட வேண்டும். நடுராத்திரி எழுந்தால் கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். அம்மா இதைச் சட்டம் மாதிரி வைத்திருந்தார்.

போன மாதம் நீங்கள் அனுப்பிய பெட்டியில் வழக்கமான அட்டை இல்லை. வேறு கம்பெனி, வேறு பெயர், வேறு நிறம். பில்லில் அந்தப் புதுப் பெயர் மட்டும் இருந்தது. 'உங்கள் மருந்துக்குப் பதிலாக இதை அனுப்பியிருக்கிறோம்' என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. என் போனுக்கு வந்த செய்தியும் 'ஆர்டர் வந்து சேர்ந்தது' என்பதோடு சரி. அப்பாவிடம் பழைய அட்டையில் 11 காப்ஸ்யூல் மீதி இருந்தது. பையன் டாக்டரிடம் கேட்டுப் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டார். அன்று ராத்திரியிலிருந்து பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று.

நாலாவது நாள் இரவு ஒன்றரை மணிக்கு எழுந்திருக்கிறார். சொன்னபடி உட்கார்ந்துவிட்டுத்தான் நின்றாராம். கொல்லைப்புறப் படியில் கால் வைத்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அம்மா ஓடிப்போய்ப் பார்க்கும்போது சிமெண்டுத் தரையில் கிடந்தார். புருவத்துக்கு மேல் நாலு தையல். ஆஸ்பத்திரியில் படுத்தபடி பார்த்தபோது 130 இருந்த பிரஷர், நிற்க வைத்ததும் 96க்கு இறங்கியிருக்கிறது. 'சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் கொண்டுவாருங்கள்' என்று டியூட்டி டாக்டர் சொல்ல, அம்மா மஞ்சப்பையோடு எடுத்துப்போய் மேஜையில் கொட்டினார். டாக்டர் இரண்டு அட்டையையும் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, 'இரண்டும் ஒரே மருந்தும்மா, டபுள் டோஸ் போயிருக்கு' என்றிருக்கிறார். வெள்ளி நிற அட்டையில் கடுகளவு ஆங்கில எழுத்து. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். உண்மையைச் சொன்னால், எனக்கே அதைப் படிக்க போனில் படம் எடுத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று முறை பேசினேன். மூன்று முறையும் ஒரே பதில்: 'உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான் சார், கவலைப்பட வேண்டாம்.' உள்ளே இருப்பது ஒன்றுதான் என்பதால்தானே அவர் விழுந்தார்! அப்புறம் நூறு ரூபாய் கூப்பன் ஒன்று வந்தது. அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

புது அட்டையில் ஒரு காப்ஸ்யூல் நசுங்கிக் கசிந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வளைகாப்புக்காக வந்த என் தங்கைதான் அந்த வாரம் மாத்திரை டப்பாவை அடுக்கினாள். டுடாஸ்டெரைடு தோல் வழியாகவே உடலுக்குள் போகக்கூடியது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்பதால், கர்ப்பிணிகள் கசிந்ததைத் தொடவே கூடாது. நல்ல வேளை, அம்மா கண்ணில் பட்டு அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

இந்த மருந்தில் பெயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று உங்கள் ஊழியர்களுக்குப் புரியவில்லை. அடுத்த மாதம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். டாம்சுலோசின் சாப்பிடுபவர்களுக்கு ஆபரேஷன் நடுவே கண்ணின் கருவிழிப் படலம் (ஐரிஸ்) தளர்ந்து தொல்லை கொடுக்கலாம். கண் டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். டுடாஸ்டெரைடு ஆறு மாதம் சாப்பிட்டால் புராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை அளவு ஏறக்குறைய பாதியாகக் காட்டும். அது தெரியாமல் பார்த்தால் புற்றுநோய் அறிகுறியே தப்பிப்போகலாம். 'இந்த மாத்திரை சாப்பிடுகிறீர்களா' என்று டாக்டர் பெயர் சொல்லிக் கேட்டால், மாதம் ஒரு பெயரைப் பார்க்கும் பெரியவர் என்ன பதில் சொல்வார்?

அட்டையிலேயே ஷெட்யூல் எச், அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்ற எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65(11ஏ) என்று ஒரு விதி உண்டு: இந்த வகை மருந்துக்குச் சீட்டு வந்தால், அதே மருந்து அடங்கியதாக இருந்தாலும் வேறு தயாரிப்பை மாற்றிக் கொடுக்கக் கூடாது. உங்கள் மருந்தாளுநருக்கு இது தெரியாமல் இருக்காது.

எனவே, சீட்டைப் பார்த்து இதை மாற்ற ஒப்புதல் கொடுத்தவர் யார் என்று எழுத்து மூலம் பதில் வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு 3,850 ரூபாய்க்கான ரசீதை இணைத்துள்ளேன். அதைத் திருப்பித் தர வேண்டும். இனி யாருக்கு எதை மாற்றினாலும், முதலில் போனில் கேளுங்கள். சம்மதித்தால், 'பழைய மாத்திரைக்குப் பதில் இது, இரண்டையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது' என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டி அனுப்புங்கள். ஒரு ரூபாய்கூட ஆகாது.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் இந்தக் கடிதம் கிடைத்ததாக நீங்கள் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு நுகர்வோர் ஆணையத்திலும் பேசிக்கொள்கிறேன். இரண்டு அட்டைகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு இந்த மாத மாத்திரையை மன்னார்குடிக் கடைத்தெருவிலேயே வாங்கிவிட்டோம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: மருத்துவர் சீட்டு, பில், இரண்டு அட்டைகளின் படங்கள், ஆஸ்பத்திரி ரசீது.