சும்மா வரும் லேப்டாப்

அன்புள்ள ராசாவுக்கு,

மூன்று வருஷத்துக்கு இன்டர்நெட் கனெக்‌ஷன் எடுத்தால் லேப்டாப் இலவசம் என்று நேற்று போனில் சொன்னாயே, அதிலிருந்து மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. முப்பது வருஷம் பேரேடு எழுதியவள் நான். "இலவசம்" என்பதைப் பற்றில் எழுதுவதா வரவில் எழுதுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த வித்தை ரொம்பப் பழசு. 1999-ல் அமெரிக்காவில் காம்ப்யூசர்வ் என்ற இன்டர்நெட் கம்பெனி, மாதம் 21.95 டாலர் வீதம் மூன்று வருஷம் கட்ட ஒப்புக்கொண்டவர்களுக்கு, கம்ப்யூட்டர் விலையில் 400 டாலர் தள்ளுபடி கொடுத்தது. அப்போது 400 டாலருக்கும் குறைவாகவே கம்ப்யூட்டர்கள் வர ஆரம்பித்திருந்தன. அதனால் கைக்காசு போடாமலே பெட்டி வீட்டுக்கு வந்துவிடும். 36 மாதத்துக்குப் பெருக்கிப் பார், 790 டாலர் 20 சென்ட்.

அந்தக் கம்பெனி ஏமாற்றியது என்று நான் சொல்லவில்லை. ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க விளம்பரம், கமிஷன் என்று எப்படியும் பணம் போகும். பிடித்த ஆள் நாலாம் மாதமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் போட்டது போச்சு. மூன்று வருஷம் நகர மாட்டார் என்று எழுத்தில் இருந்தால், 400 டாலரைத் தைரியமாக முன்னால் இறக்கலாம். ஆக உன் கையில் தருவது கம்ப்யூட்டர் வடிவில் ஒரு கடன். தவணையும் வட்டியும் மாத பில்லுக்குள்ளேயே இருக்கும், தனி வரியாகக் காட்ட மாட்டார்கள்.

மூன்று வருஷம் கட்டிப்போடும் அந்தக் கயிறு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் என்ற இன்டர்நெட் சேவையும் இதே 400 டாலர் சலுகையைக் கொடுத்தது. கலிஃபோர்னியாவிலும் ஓரிகனிலும் மட்டும், அங்குள்ள சட்டத்தால், பாதியில் விலகுகிறவர்களிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாமல் போனது. 2000 ஜனவரியில் விஷயம் வெளியே கசிந்தது. ஜனங்கள் கடைக்கு ஓடி, பொருளை வாங்கிக்கொண்டு, கனெக்‌ஷனை ரத்து செய்தார்கள். அந்த இரண்டு மாநிலங்களிலும் சலுகையை அவசர அவசரமாக நிறுத்தினார்கள். எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு தாங்கவில்லை.

ஆனால் நம் வீட்டில் நடந்தபோது சிரிப்பு வரவில்லை. நீ அப்போது சின்னப் பையன். நானும் அப்பாவும் இப்படி ஒன்றில் கையெழுத்துப் போட்டோம். இரண்டாம் வருஷம் பெட்டியின் மதர்போர்டு போய்விட்டது. வாரண்டி ஒரு வருஷம், ஒப்பந்தம் மூன்று வருஷம். செத்த பெட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, இன்னும் பதினான்கு மாதம் கட்டினோம். அதைவிட எரிச்சல், அதே கம்பெனி புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எங்களைவிடக் குறைந்த விலையில் வேகமான லைன் கொடுத்ததுதான். 1999-ல் கையெழுத்துப் போட்ட அமெரிக்கர்களுக்கும் இதே கதிதான். பிராட்பேண்ட் பரவிக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் டயல்-அப்புக்கு, அதாவது போன் லைனில் டயல் செய்து வரும் மெதுவான இன்டர்நெட்டுக்கு, பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் விலையும் இன்டர்நெட் விலையும் இறங்கிக்கொண்டே போகிற காலத்தில், மூன்று வருஷத்துக்கு ஒரே விலையை ஒப்புக்கொள்வதுதான் இதில் பெரிய செலவு.

அதனால் கையெழுத்துக்கு முன் அவர்களிடம் ஒன்று கேள்: லேப்டாப் வேண்டாம், கனெக்‌ஷன் மட்டும் போதும் என்றால் மாதம் எவ்வளவு? இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 36-ஆல் பெருக்கு. அதுதான் அந்த லேப்டாப்பின் விலை. கடையில் அதைவிட மலிவாகக் கிடைத்தால் அங்கேயே வாங்கு. வித்தியாசமே இல்லை, மூன்று வருஷம் வீடு மாறப் போவதும் இல்லை என்றால் சரி, சந்தோஷமாக எடுத்துக்கொள். ஆனால் நீ ஒரே வீட்டில் இரண்டு வருஷம் இருந்து நான் பார்த்ததில்லை. பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் மாதவாரியாக எழுதி வாங்கு.

அப்புறம், லேப்டாப்பின் மாடல் நம்பரை அனுப்பு. ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. கண்ணாடி மாற்றி நாலு நாள்தான் ஆகிறது, நன்றாகத் தெரிகிறது.

அன்புடன்,
அம்மா