கட்டெறும்புகளைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ பேராதனைக்குப் போகும்போது சோதனைக் குழாயொன்றில் என் பொறுப்பில் விட்டுச்சென்ற கட்டெறும்புகள் நலமாக இருக்கின்றன. கூட்டம் ஏன் இன்னும் பெருகவில்லை என்றும், உணவைக் கூட்டிக் கொடுத்து அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டுவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். இரண்டும் இப்போது வேண்டாம், பிள்ளை.

கட்டெறும்பு இயல்பிலேயே மெதுவாகப் பெருகும் இனம். முதல் வேலையாட்கள் வெளிவரும்வரை அந்த ராணி எதையும் உண்ணாமல், தன் உடற்கொழுப்பையும் இனித் தேவைப்படாத சிறகுத் தசைகளையும் கரைத்தே அவற்றை ஊட்டி வளர்த்தது. அதனாலேயே அவை அவ்வளவு சிறியனவாக இருக்கின்றன. முட்டையொன்று குடம்பியாகி, கூடு கட்டி, எறும்பாக வெளிவர யாழ்ப்பாணத்து வெக்கையிலும் ஒரு மாதத்துக்கு மேல் செல்லும்.

சீனித்தண்ணீரைப் பஞ்சில் நனைத்து வைக்கிறேன். அது வளர்ந்த எறும்புகளின் உழைப்புக்குப் போதும், ஆனால் குடம்பிகள் வளரவும் ராணி முட்டையிடவும் புரதம் வேண்டும். அதற்கு நுளம்போ இலையானோ பிடித்து, கொதிநீரில் ஒரு கணம் தோய்த்து, நசித்து வைக்கிறேன். நுளம்புத்திரி எரிந்த அறையில் விழுந்து கிடப்பவற்றைத் தொடுவதேயில்லை. எத்தனை குடம்பிகள் உண்டோ அந்த அளவுக்குத்தான் புரதம் செலவாகும், மிஞ்சியது பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் மறுநாட் காலையிலேயே அகற்றிவிடுகிறேன்.

நேற்றிரவு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். குடித்து முடித்த எறும்பின் வயிறு ஊதி, கறுத்த தகடுகளுக்கிடையே வெளிறிய தோல் வரிவரியாகத் தெரிந்தது. அது குழாய்க்குள் நுழைந்ததும் வேறு இரண்டு எறும்புகள் உணர்கொம்புகளால் அதன் முகத்தைத் தட்டித் தட்டிக் கேட்டு, வாயோடு வாய் வைத்து வாங்கிக்கொண்டன. ராணி இரைதேடி வெளியே வராமலே உண்பது இப்படித்தான். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு!

பெட்டியைப் பொறுத்தவரை, ஆட்கள் குறைந்த கூட்டத்துக்கு அகன்ற இடம் நல்லதல்ல. அங்கே ஈரத்தைக் காப்பது கடினம், எறும்புகளும் ஒரு மூலையில் ஒடுங்கி மற்ற மூலைகளில் குப்பையைக் குவிக்கும். அடிக்கடி அசைத்தால் ராணி தன் முட்டைகளையே தின்றுவிடவும் கூடும். ஐரோப்பாவின் கறுப்புத் தோட்ட எறும்பு ராணியொன்று ஆய்வுகூடத்தில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. அப்படியான உயிரை இப்போதே அவசரப்படுத்த ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

வெளியிலிருந்து சிற்றெறும்புகள் ஏறாதபடி, குசினி அலுமாரிக்குச் செய்வதுபோல மேசைக் கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருக்கிறேன். பழைய சோதனைக் குழாயில் தண்ணீர் குறைந்து வருவதால், தண்ணீரும் பஞ்சும் வைத்த புதிய குழாயொன்றை அதன் வாயோடு பொருத்தி, புதியதைக் கறுத்தத் துணியால் மூடி, பழையதை வெளிச்சத்தில் விட்டிருக்கிறேன். குடம்பிகளைத் தூக்கிக்கொண்டு அவை தாமாகவே இடம் மாறட்டும். மாறியதும் படம் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா