கண்டலேறு தண்ணீர் எப்போது வரும்?

ஐயா,

சென்னைக்குக் குடிநீர் தர ஆந்திராவுடன் தெலுங்கு கங்கை ஒப்பந்தம் 1983-இல் கையெழுத்தானது. அதன்படி ஜூலை முதல் அக்டோபர் வரை 8 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி), ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4 டிஎம்சி கிருஷ்ணா நீர் ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து ஊத்துக்கோட்டை அருகே நம் எல்லைக்கு வந்து சேர வேண்டும். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரிக்கு முதல் தண்ணீர் வந்ததே 1996-இல்தான். அப்புறமும் முழு 12 டிஎம்சி என்பது பெரும்பாலும் காகிதக் கணக்கு.

வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பியதும் "போதும், நிறுத்துங்கள்" என்று நாமே சொல்கிறோம். பூண்டியின் கொள்ளளவு சுமார் மூன்றே கால் டிஎம்சி, வேறென்ன செய்வது? சரி, கோடையில் கேட்டாலோ கண்டலேறில் மட்டம் இறங்கியிருக்கும். வருகிற நீரையும் 150 கிலோமீட்டர் கால்வாயில் வழிநெடுக மோட்டார் வைத்து இறைத்துக்கொள்கிறார்கள். அந்த விவசாயிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர்களுக்கும் பயிர் காய்கிறது.

2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை மறந்துவிட்டோமா? ஜனவரித் தவணையை டிசம்பரிலேயே எழுதிக் கேளுங்கள், பூண்டியைத் தூர்வாருங்கள்.

- ஒரு வாசகர், திருவள்ளூர்