மக்கான் சிக்னல் முதல் டெல்லி கேட் வரை

வேலூர், ராணிப்பேட்டை மாவட்ட ஆட்சியர்களுக்கு,

வணக்கம். வேலூர்–ஆற்காடு தடத்தில் பல ஆண்டுகள் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். சத்துவாச்சாரி, பெருமுகை, ரத்தினகிரி, மேல்விஷாரம் என்று கூவிக்கூவியே தொண்டை தேய்ந்தவன்.

ஒருநாள் மாலை மக்கான் சிக்னலில் வண்டி நின்றது. ஜன்னலோரம் ஒரு பையன், மடியில் புத்தகப்பை. வெளியே நிற்கும் நினைவுத்தூண் எதற்கு என்று தாயிடம் கேட்டான். சுதந்திரத்துக்காக வைத்தது என்றார் அவர். அப்படியானால் காந்தி இங்கேயா சண்டை போட்டார் என்று அடுத்த கேள்வி. அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் சில்லறை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன். பச்சை விழுந்தது, பிழைத்தேன்.

அந்த வெட்கத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன். காந்தி பிறப்பதற்கு 63 ஆண்டுகளுக்கு முன்னால், வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த கதை அது. நெற்றியில் குறி இடாதே, கடுக்கனைக் கழற்று, தாடியை மழி, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையை அணி என்று கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் உத்தரவு. மறுத்தவர்களில் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலா 900 கசையடி. 900! 1806 ஜூலை 10, விடிவதற்கு முன்னால் கோட்டைக்குள் சிப்பாய்கள் துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள். திப்புவின் பிள்ளைகளும் அப்போது அந்தக் கோட்டைக்குள்தான் காவலில் இருந்தார்கள். மைசூர்ப் புலிக்கொடி ஏறியது.

இனிமேல் நடந்ததுதான் என் தடம். கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். அங்கே குதிரைப்படையோடு இருந்த கர்னல் கில்லெஸ்பி உடனே கிளம்பி, காலையிலேயே வேலூர் வந்து சேர்ந்தார். எங்கள் வண்டி கடக்கும் அதே சுமார் 25 கிலோமீட்டர். மதில்மேல் மிச்சமிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் கயிறு விட, அதைப் பிடித்து ஏறினார். பின்னால் வந்த பீரங்கி கதவைத் தகர்த்தது. அரண்மனைக்குள் ஒதுங்கிய சுமார் நூறு சிப்பாய்களை இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டதை, கதவைத் தகர்த்த எஞ்சினீயர் பிளேக்கிஸ்டனே எழுதிவைத்திருக்கிறார். பகலுக்குள் எல்லாம் முடிந்தது.

சிப்பாய்கள் செத்தது வேலூரில், அவர்களைக் கொன்ற படை புறப்பட்டது ஆற்காட்டில். 2019இல் மாவட்டம் பிரிந்ததால் கதையின் தலை ஒருவரிடமும் கால் இன்னொருவரிடமும் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல் இருவருக்கும்.

இந்தச் சாலையில் நான்கைந்து இடங்களில், பஸ் நிற்கும் இடத்திலேயே கல் நட வேண்டும். மக்கானில் ஒன்று, ஆற்காட்டில் பாலாற்றங்கரை டெல்லி கேட்டருகே ஒன்று, நடுவில் பெருமுகையிலும் மேல்விஷாரத்திலும். 'அன்று காலை குதிரைப்படை இந்த வழியாகப் போனது' என்று ஒரு வரி போதும். டெல்லி கேட் கல்லில் கூடுதலாக ஒரு வரி சேர்க்கலாம்: 1751இல் ஆங்கிலேயப் படையின் கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கியதும் இங்கிருந்த ஆற்காட்டுக் கோட்டையில்தான். கோட்டை போய் வாசல் மட்டும் நிற்பதால், இது டெல்லிக்குப் போகிற வழியா என்று என்னிடமே கேலியாகக் கேட்டவர்கள் உண்டு.

வாசகம் எழுதுகிறவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். 'வீரம் செறிந்த', 'வரலாற்றுச் சிறப்புமிக்க' எல்லாம் வேண்டாம். அந்த இடத்துக்கு 900 கசையடியைப் போடட்டும். கலகம் என்று எழுதுவதா, புரட்சி என்று எழுதுவதா என்ற வழக்கு வரும். என் ஓட்டு புரட்சிக்கு. அதற்காகக் கூட்டம் போட்டு ஆறு மாதம் தள்ளிவிடாதீர்கள். திறந்துவைத்தவர் பெயரைக் கல்லின் முதுகில் வெட்டலாம். எழுத்து மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்த பிள்ளை சிக்னல் மாறுவதற்குள் படித்து முடிக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும்.

பாலாற்றங்கரை முத்துமண்டபத்தைப் பற்றி, 1815இல் பிடிபட்டு 1832இல் இங்கேயே கைதியாக இறந்த கண்டி அரசரைப் பற்றி, தனியாக எழுதுகிறேன். அது வேறு தடம்.

கல் நட இடம் குறிக்க ஆள் தேவைப்பட்டால் சொல்லியனுப்புங்கள். எந்த ஸ்டேஜில் எத்தனை பேர் இறங்குவார்கள், எங்கே வண்டி அதிக நேரம் நிற்கும் என்பதெல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர்,
வேலூர்