கதவோரத்து ஸ்டிக்கர்

அன்புள்ள மாப்ளே,

நலம். போன வாரம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை வீட்டில் எல்லோரும் கேட்டுச் சிரித்தோம். "நான் லோடு லாரியே ஒரு டீ குடிக்கிற நேரத்துல பேசி முடிச்சிருவேன், ஒரு பிக்கப் வாங்க ஆறு மாசமாடா?" என்று கேட்டிருந்தாய். நியாயம்தான். பாப்பாவுக்கு வரன் அமைந்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். தேதி குறித்ததும் உடனே சொல், டிக்கெட் போட வேண்டும்.

சரி, வண்டிக்கு வருகிறேன். இங்கே கொலராடோ மலைகளில் உள்ள மண் பாதைகளில் பாதி, அந்தக் காலத்துச் சுரங்கங்களுக்காக வெட்டியவை. யூரே ஊரிலிருந்து டெலுரைடுக்குப் போகும் இமோஜீன் கணவாய் 13,114 அடி. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் வெறும் காற்று. அந்த மாதிரிப் பாதையிலும் ஏற வேண்டும், விடுமுறைக்கு 3 டன் டிரெய்லரையும் இழுக்க வேண்டும் என்பதால்தான் அதிக பாரத்துக்கான ஹெவி டியூட்டி வண்டி பக்கம் போனேன். அதில் காட்டுப் பாதைக்கென்றே கம்பெனி தயார் செய்து தரும் டிரிம்கள், அதாவது தனி வகைகள், இருக்கின்றன: ராம் 2500 பவர் வேகன், ஃபோர்டு எஃப்-250 ட்ரெமர், செவர்லே சில்வராடோ இசட்ஆர்2. செவர்லேயை ஓட்டிப் பார்த்தேன், சொகுசு. ஆனால் முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு ஆக்ஸில் இல்லை, கார் மாதிரி தனித்தனி சஸ்பென்ஷன். நீ பார்த்தால் முகம் சுளிப்பாய். அதோடு அதை விட்டுவிட்டேன்.

மனசு முழுக்கப் பவர் வேகன்தான். இரண்டாம் உலகப் போரில் ஓடிய டாட்ஜ் ராணுவ வண்டியிலிருந்து 1946 மாடலாக வந்த பெயர் அது. ஆபீஸ் நண்பர் ஒருவரின் பவர் வேகனில் போன கோடையில் யூரே பக்கம் ஒரு சுரங்கப் பாதையில் போனோம். இடுப்புயரப் படி மாதிரி ஒரு பாறை. வலது முன் சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது. அவர் ஒரு பட்டனைத் தட்டினார், வண்டி சாயாமல் இரண்டு சக்கரத்தையும் பிடித்து வைக்கும் முன்பக்க ஸ்டெபிலைசர் பார் கழன்றுகொண்டது. தொங்கிய சக்கரம் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டது. இன்னொரு பட்டன், முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக், இரண்டு பக்கச் சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். வண்டி முனகிக்கொண்டே ஏறிவிட்டது. பம்பரில் இருந்த 12,000 பவுண்டு வின்ச்சை, அந்தக் கயிறு இழுக்கும் மோட்டாரை, தொடவே இல்லை.

திரும்பும்போதுதான் சிக்கல். வண்டி நீளம் கிட்டத்தட்ட 20 அடி. எதிரே ஒரு ஜீப். பின்னால் எடுக்க வேண்டும். நான் இறங்கி, பள்ளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, "வரலாம், வரலாம்... ஹோல்டான்" என்று கத்தினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சரியாக நின்றார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் உன் கிளீனர் கத்துவது அப்படியே என் வாயில் வந்திருக்கிறது.

அப்புறம் 2022 மாடல் பவர் வேகன் ஒன்று விற்பனைக்கு வந்தது. விலையெல்லாம் பேசி, கையெழுத்துப் போடுகிற நிலை. டிரைவர் கதவைத் திறந்தால் தூண் ஓரத்தில் ஒரு மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஆளும் சாமானும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று அந்த ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக அச்சிட்டது. அதில் 1,480 பவுண்டு என்று இருந்தது. நம் கணக்கில் 671 கிலோ. நாங்கள் நான்கு பேர் 240 கிலோ. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் உட்காரும், அது 300லிருந்து 450 கிலோ. தண்ணீர், விறகு, ஐஸ் பெட்டி எல்லாம் வைத்தால் தாண்டிவிடும். விற்பனைக்காரரிடம் கேட்டால், "இழுவைத் திறன் 10,000 பவுண்டுக்கு மேல் சார்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். ஏற்றும் எடையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

காரணம் உனக்கே புரியும். சக்கரம் அப்படித் தொங்கி இறங்க ஸ்பிரிங் மெத்தென்று இருக்க வேண்டும். மெத்தென்ற ஸ்பிரிங் பாரம் தாங்காது. நீ லாரிக்குக் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போடச் சொல்வாய், அவர்கள் அதற்கு நேர் எதிராகச் செய்திருக்கிறார்கள். பாறை ஏறத்தான் அந்த வண்டி, அந்த வேலையில் அதை யாரும் குறை சொல்ல முடியாது.

கடைசியில் ட்ரெமர் எடுத்தேன். பின்னால் நீ சொல்கிற அதே பட்டை, முன்னால் முழு ஆக்ஸில், கம்பெனியே போட்டுத் தரும் 35 அங்குல டயர், பின்பக்கம் லாக். முன்னால் முழு லாக் கிடையாது, ஒரு சக்கரம் வழுக்கினால் ஓரளவு மட்டும் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப்தான். ஸ்டெபிலைசர் பாரும் கழலாது. அந்தப் பாறையில் நான் திணறியிருப்பேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டிக்கரில் 2,680 பவுண்டு, 1,200 கிலோவுக்கு மேல்.

டீசல் ஏன் எடுக்கவில்லை என்று திட்டுவாய். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு, உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதால், ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் இழுவை குறையும், 11,000 அடியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அது தெரிந்தேதான் 7.3 லிட்டர் பெட்ரோல் எடுத்தேன். பக்கத்தில் நின்ற டீசல் ட்ரெமரின் ஸ்டிக்கரில் 2,040தான், இன்ஜின் எடையே அவ்வளவைத் தின்றுவிடுகிறது. அதோடு இந்த வண்டி வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடத்துக்கும் மளிகைக் கடைக்கும்தான் ஓடும். சின்னச் சின்ன ஓட்டத்தில் டீசலின் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் 40 மைலில் போனால் போகிறது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். வெறும் வண்டியாக ஓட்டும்போது பின்பக்கம் குதிக்கிறது, பின் சீட்டில் பிள்ளைகள் புலம்புகிறார்கள். டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தேன், பரவாயில்லை. நீ காலி லாரிக்கு எவ்வளவு குறைப்பாய்?

கல்யாணத்துக்கு வரும்போது உன் பழைய பொலிரோவில் கொல்லிமலை ஏறுவோம். நீயே ஓட்டு, நான் கிளீனர்.

அன்புடன்,
உன் மாப்ளே