பன்னிரண்டு மாடுகள்

மசேரு, லெசோத்தோ
ஜூலை 14

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

அப்பாவின் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. எடுத்து எடுத்துப் படித்தேனே தவிர, பதில் எழுத உட்காரவில்லை. தப்புதான். அம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆப்பிரிக்காவின் தெற்கே இந்த மலைநாட்டில் இப்போது கடும் குளிர். இந்த நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே 1,400 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட நம் ஏற்காடு. விடிகாலையில் வாளித் தண்ணீரின் மேல் ஐஸ் கட்டியிருக்கிறது. ஹீட்டர் வாங்கவில்லை, இந்த ஊர்க் கம்பளியே போதும். சாப்பாட்டுக்கும் குறையில்லை. வெள்ளை மக்காச்சோள மாவில் 'பாபா' என்று கிண்டுகிறார்கள், நம் களி மாதிரி. தொட்டுக்கொள்ள 'மொரோஹோ' என்று கீரை. அம்மா கிண்டும் கேழ்வரகுக் களி வேறு, அதோடு இதைச் சேர்க்க முடியாது.

பக்கத்து வீட்டுப் பெரியவரை இங்கே எல்லோரும் 'ந்தாத்தே' என்பார்கள். அப்பா என்று அர்த்தம். முதல் நாள் என் காதில் தாத்தா என்றே விழுந்தது, இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். பள்ளி விட்டு வந்ததும் அவர் வாசல் தட்டைக்கல்லில் இருவரும் மொராபராபா ஆட உட்கார்ந்துவிடுவோம்.

அப்பாவுக்கு இந்த ஆட்டம் பிடிக்கும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம். மூலைகளையும் பக்கங்களின் நடுவையும் கோடு போட்டு இணைத்தால் 24 புள்ளி. ஆளுக்கு 12 காய். காய்க்கு அவர்கள் பாஷையில் 'கோமோ' என்று பெயர், அதாவது மாடு! முதலில் மாறி மாறி ஒவ்வொன்றாக வைக்க வேண்டும், அப்புறம் பக்கத்துப் புள்ளிக்கு நகர்த்தலாம். மூன்று மாடு ஒரே கோட்டில் நின்றுவிட்டால் எதிராளியின் மாடு ஒன்றைச் சுட்டு எடுக்கலாம். ஆனால் வேறு மாடு இருக்கும்வரை, வரிசையில் நிற்பதைத் தொடக்கூடாது. கூட்டத்தை விட்டுத் தனியே நிற்பதுதான் போகும். மூன்றே மாடு மிஞ்சியவன் எந்தப் புள்ளிக்கும் பறக்கலாம், இரண்டானால் தோற்றான். நம் ஆடு புலியில் புலி தாண்டி வெட்டும். இதில் தாண்டுவதே கிடையாது, எல்லாம் சேர்ந்து நிற்பதில்தான். மலையில் மாடு மேய்க்கும் பையன்கள் மண்ணில் கோடு கீறி, கல் வைத்து ஆடுவார்கள். தாத்தாவும் அப்படிக் கற்றவர்தான்.

ஒரு நாள் மூன்றாவது காயை நகர்த்தி வைத்தபோது நிரை என்ற சொல் நினைவுக்கு வந்தது. வரிசைக்கும் நிரை, மாட்டு மந்தைக்கும் நிரை. உடனே நம் ஏரிக்கரை வேடியப்பன் நடுகல்தான் கண்ணில் நின்றது. மாடு மீட்கப் போய்ச் செத்தவன் என்று அப்பா சொல்வீர்களே. அதைத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "உன் அப்பாவிடம் எத்தனை மாடு? என்ன நிறம்?" என்று கேட்டார். செவலை என்று சொல்ல வந்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. அன்று ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டோம். போன ஞாயிறு அவர் தன் மகளின் ஊருக்குப் போயிருந்தார். இரண்டு பக்கக் காய்களையும் நானே வைத்து ராத்திரிவரை ஆடினேன்.

சரி, செவலை விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு அதை விற்கப்போவதாக அப்பா எழுதியிருக்கிறீர்கள். இங்கே பெண் எடுக்கிற வீடுதான் பெண் வீட்டுக்கு மாடு கொடுக்கும். தன் மகளுக்கு வந்த மாடுகளைத் தாத்தா இன்னும் ஒவ்வொன்றாக அடையாளம் சொல்வார். நாம் ஏன் இருக்கும் ஒன்றையும் விற்க வேண்டும்? இந்த மாதம் மட்டும் பணம் தாமதமாகும், வேறொன்றுமில்லை. சாயங்காலம் இரண்டு பையன்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆகஸ்ட் கடைசிக்குள் கட்டாயம் அனுப்பிவிடுவேன். அதுவரை மாப்பிள்ளை வீட்டாரிடம் ஆவணிக் கடைசி முகூர்த்தம் கேட்கச் சொல்லிப் பெரியப்பாவை அனுப்புங்கள், அவர் பேச்சுக்கு மறுப்பு இருக்காது. அம்மாவின் சங்கிலிக்கு வட்டி எந்தத் தேதி என்று எழுதுங்கள். செவலை சினையாக இருக்கிறதா என்று டாக்டரைக் கூட்டிவந்து பாருங்கள். யாபாரி வந்தால் முன்பணம் மட்டும் வாங்கிவிடாதீர்கள் அப்பா.

உங்கள் அன்பு மகன்